ஜனவரி ஒன்றிப்பு ஜெப வாரம்: ஏற்காட்டிலிருந்து வந்த ஒரு கேள்விக்குப் பதில்

கேள்வி இதுதான்: "நான் ஏற்காட்டில் இருக்கிறேன். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை, வாலிபர் சங்கத்தில் பொறுப்பு. மனைவி கத்தோலிக்கர். வருகிற ஜனவரியில் ஊரில் உள்ள சபைகள் எல்லாம் சேர்ந்து திருச்சபைக்காகவும் நாடுகளுக்காகவும் ஒரு வாரம் ஜெபிக்கலாம் என்று பேச்சு ஓடுகிறது. எங்கள் சபைப் பெரியவர் ஒருவர், 'இது ரோமைச் சபை நம்மை இழுப்பதற்கான ஏற்பாடு' என்கிறார். உண்மையில் இதை யார் ஆரம்பித்தார்கள்? அந்த வாரத்தில் நானும் மனைவியும் ஒன்றாக நற்கருணை வாங்கலாமா? நாடுகளுக்காக ஜெபிப்பது என்றால் என்ன? எப்படி நடத்துவது?"

தம்பி, உங்கள் பெரியவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியை ஒத்துக்கொண்டு பேசினால்தான் மீதியை அவர் காதுகொடுத்துக் கேட்பார். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

1908-ல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், கிரேமூர் என்ற இடத்தில் பால் வாட்சன் என்ற ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை மரபு) குரு, கிறிஸ்தவச் சபைகளின் ஒன்றிப்புக்காக ஜனவரி 18 முதல் 25 வரை எட்டு நாள் ஜெபத்தைத் தொடங்கினார். அன்றைய நாள்காட்டியில் 18-ம் தேதி ரோமையில் பேதுருவின் தலைமைப்பீட விழா. 25-ம் தேதி பவுல் மனமாறிய விழா. பேதுருவில் தொடங்கிப் பவுலில் முடிகிற மாதிரி தேதிகளை யோசித்தே வைத்தார். ஆனால் அவர் மனதில் இருந்த ஒன்றிப்பு, பிரிந்து போனவர்கள் எல்லாரும் ரோமுக்குத் திரும்பி வருவதுதான். அடுத்த வருடமே, 1909-ல், அவரும் அவருடைய சிறிய துறவற சபையும் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்துவிட்டார்கள். 1916-ல் திருத்தந்தை 15-ம் பெனடிக்ட் இந்த எட்டு நாள் ஜெபத்தை உலகம் முழுக்க உள்ள கத்தோலிக்கர்களுக்கு விரிவாக்கினார். ஆக, பெரியவருடைய பயத்துக்குக் காரணம் இருந்தது. அந்தக் காலத்தைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரி.

அதன் பிறகு அர்த்தம் மாறியது. மாற்றியவரும் ஒரு கத்தோலிக்கக் குருதான். பிரான்ஸில் லியோன் நகரத்தில் பள்ளி ஆசிரியராக இருந்த பால் கூத்தூரியே. 1920-களில், புரட்சிக்குப் பிறகு ரஷ்யாவை விட்டு வந்த அகதிகளுக்கு உதவி செய்யப் போனார். போனது சோறு, துணி, தங்குமிடம் பார்க்க. அங்கே ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுடைய ஜெபத்தையும் பக்தியையும் கிட்டத்தில் இருந்து பார்த்தார். இவர்களைப் பார்த்து 'நீங்கள் திரும்பி வாருங்கள்' என்று மட்டும் ஜெபித்தால் போதுமா என்ற கேள்வி அவருக்கு வந்திருக்க வேண்டும். 1930-களில் அவர் இந்த ஜனவரி ஜெபத்துக்கு வேறு ஒரு கருத்தை வைத்தார்: கிறிஸ்து விரும்புகிற ஒன்றிப்பு, அவர் விரும்புகிற வழிகளில் வரட்டும். இப்படி ஜெபிப்பதற்கு லுத்தரனோ ஆர்த்தடாக்ஸோ சி.எஸ்.ஐ.யோ தன் மனசாட்சியை வெளியே கழற்றி வைத்துவிட்டு வர வேண்டியதில்லை. 1928-ல்தான் திருத்தந்தை 11-ம் பயஸ், கத்தோலிக்கர்கள் இந்த மாதிரி ஒன்றிப்பு முயற்சிகளில் கலந்துகொள்ளக் கூடாது என்று கண்டிப்பாக எழுதியிருந்தார். அந்தச் சூழலில் ஒரு சாதாரணப் பள்ளி ஆசிரியர் இவ்வளவு தூரம் வந்தார் என்பது எனக்கு இன்றைக்கும் மலைப்பாக இருக்கிறது.

மற்றச் சபைகளும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. விசுவாசம், திருச்சபை ஒழுங்கு ஆகியவற்றை ஆராய்ந்த ஃபெய்த் அண்ட் ஆர்டர் இயக்கம் 1920-களிலிருந்தே பெந்தெகொஸ்தே நாளை ஒட்டி எட்டு நாள் ஜெபக் குறிப்புகளை வெளியிட்டு வந்தது. 1941-ல் அதையும் ஜனவரிக்கு மாற்றிக்கொண்டது. 1964-ல் கத்தோலிக்க ஆயர்களின் உலகக் கூட்டமான இரண்டாம் வத்திக்கான் சங்கம், பிரிந்த சபையாரோடு சேர்ந்து ஜெபிப்பதைக் கத்தோலிக்கர்களுக்கு அனுமதித்ததோடு நிற்காமல், அதுதான் ஒன்றிப்பு இயக்கத்தின் ஆன்மா என்ற அளவுக்குப் பேசியது. 1966-லிருந்து உலகத் திருச்சபைகள் மன்றமும் வத்திக்கானும் சேர்ந்தே இந்த வாரத்துக்கான கையேட்டைத் தயாரிக்கிறார்கள். 1968 முதல் அது பயன்பாட்டில் இருக்கிறது. பெரியவரிடம் இதை இப்படியே சொல்லுங்கள்: தொடங்கியபோது அது ரோமை நோக்கி இருந்தது உண்மை, அரை நூற்றாண்டுக்கு மேலாக இது இரண்டு பக்கமும் சேர்ந்து எழுதுகிற ஜெபம்.

அப்புறம், உங்கள் ஊரில் பேசப்படுகிற வாரம் எது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஏனென்றால் ஜனவரியில் இன்னொரு ஜெப வாரமும் உண்டு. வருடத்தின் முதல் வாரத்தில், புது வருட ஆராதனையை ஒட்டி, இவாஞ்சலிக்கல் சபைகள் நடத்துவது. 'திருச்சபைக்காகவும் நாடுகளுக்காகவும்' என்ற பேச்சு அதில்தான் பழையது. ஒரு நாள் நன்றியும் பாவ அறிக்கையும், ஒரு நாள் உலகத் திருச்சபை, ஒரு நாள் நாடுகளும் ஆளுகிறவர்களும், ஒரு நாள் குடும்பங்களும் பள்ளிகளும் என்று நாளுக்கு ஒரு பொருள் வைத்து ஜெபிப்பார்கள். லண்டனில் 1846-ல் உருவான இவாஞ்சலிக்கல் அலையன்ஸ் என்ற கூட்டமைப்பு இதை உலகெங்கும் பரப்பியது. ஆனால் அழைப்பு புறப்பட்ட இடம் நம்முடைய பஞ்சாப், லூதியானா. அங்கிருந்த அமெரிக்க பிரஸ்பிட்டேரியன் மிஷனரிகள் 1858-ன் இறுதியில் கூடி, 1860 ஜனவரியின் இரண்டாம் வாரத்தில் உலகத்தில் உள்ள கிறிஸ்தவர்கள் எல்லாரும் சேர்ந்து ஜெபிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். 1857-ன் ரத்தம் காயாத காலம் அது. அவர்களுடைய மிஷன் அச்சகமே அந்தக் கலவரத்தில் எரிந்திருந்தது. அவர்கள் ஆட்சியாளர்களின் கண்ணால்தான் பலவற்றைப் பார்த்தார்கள் என்பதையும் நாம் மறக்க வேண்டாம். ஆனாலும் நாடு பிளந்து கிடந்த நேரத்தில், எல்லாச் சபையும் ஒரே வாரத்தில் முழங்காலில் நிற்கட்டும் என்ற எண்ணம் இந்த மண்ணிலிருந்து போயிருக்கிறது.

இரண்டில் எதை எடுப்பது? உங்கள் ஊருக்கு என் யோசனை 18 முதல் 25 வரைதான். முதல் வாரம் எல்லாரும் களைத்திருப்பார்கள். கிறிஸ்துமஸ் கீதபவனி, வருடக் கடைசி ஆராதனை, புது வருட வாக்குத்தத்தம் என்று தொண்டை கட்டியிருக்கும். அதன் பின் பொங்கல். பொங்கல் முடிந்து 18-ம் தேதி தொடங்கினால், 25-ம் தேதி முடிகிறபோது மறுநாள் குடியரசு தினம். நாட்டுக்காக ஜெபிக்க இதைவிட நல்ல இடம் நாள்காட்டியில் வேறு இல்லை.

இப்போது நம்ம பக்கத்துக் கதைக்கு வருகிறேன். உங்கள் பெரியவருக்கு இதுதான் அதிகம் உதவும் என்று நினைக்கிறேன்.

சேலம் பக்கம் கிறிஸ்தவம் ஒரே வழியில் வரவில்லை. 1623-ல் இத்தாலியிலிருந்து வந்த இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலி மதுரையிலிருந்து புறப்பட்டு சேந்தமங்கலம், சேலம் வரை வந்தார். அந்தக் கத்தோலிக்க வேரிலிருந்து பல காலம் கழித்து, 1930-ல் சேலம் தனி மறைமாவட்டம் ஆனது. லண்டன் மிஷன் என்ற சீர்திருத்தச் சபை மிஷனரி அமைப்பு 1827-ல் சேலத்துக்கு வந்தது. அது காங்கிரிகேஷனல் மரபு, பேராயர்களை ஏற்காத மரபு. ஆங்கிலேய அதிகாரிகளுக்கென்று 1870-களில் சேலத்தில் எழுந்த கிறிஸ்து நாதர் ஆலயமோ ஆங்கிலிக்கன். பேராயர்களின் கீழ் இயங்குகிற மரபு. மலை மேலே காப்பித் தோட்டத் துரைமார்களுக்காக வந்த திரித்துவ ஆலயமும் அதே வழி. ஒரே ஊரில், ஒரே வேதாகமத்தை வைத்துக்கொண்டு, ஒருவர் பந்தியில் இன்னொருவர் அமராமல் தலைமுறைகள் கழிந்தன. இன்று நீங்கள் 'எங்கள் சி.எஸ்.ஐ.' என்று ஒரே மூச்சில் சொல்கிறீர்களே, அதற்குள்ளேயே இந்த இரண்டும் இருக்கின்றன.

இரண்டும் எப்படிச் சேர்ந்தன? 1908-ல், வாட்சன் அமெரிக்காவில் எட்டு நாள் ஜெபத்தைத் தொடங்கிய அதே வருடம், தென்னிந்தியாவில் பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் சேர்ந்து தென்னிந்திய ஐக்கிய சபை ஆனது. லண்டன் மிஷன் சபைகள் அதற்குள் வந்தன. 1919 மே மாதம் தரங்கம்பாடியில் முப்பத்து மூன்று குருமார்கள் கூடினார்கள். இரண்டு பேரைத் தவிர மற்ற எல்லாரும் இந்தியர்கள். வி.எஸ். அசரியா அதில் முன்னால் நின்றவர், இந்தியாவின் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயர், திருநெல்வேலிக்காரர். அவர்கள் வெளியிட்ட அறிக்கை சொன்னதன் சாரம் இது: இந்தப் பிரிவினைகளை நாங்கள் உண்டாக்கவில்லை, வெளியிலிருந்து எங்கள் மேல் சுமத்தப்பட்டவை இவை, இவற்றைத் தொடர எங்களுக்கு விருப்பமும் இல்லை. அங்கிருந்து இருபத்தெட்டு வருடம் பேசினார்கள். சண்டை போட்டார்கள், சமாதானம் ஆனார்கள், மறுபடி பேசினார்கள். அசரியா 1945-ல் இறந்துபோனார், பார்க்கவில்லை. 1947 செப்டம்பர் 27 அன்று, நாடு விடுதலை அடைந்து ஆறு வாரத்தில், சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. பேராயர் உள்ள மரபும் பேராயர் இல்லாத மரபும் ஒன்றான செய்தி அன்று உலகத்துச் சபைகளை எல்லாம் திரும்பிப் பார்க்க வைத்தது.

அதனால் பெரியவரிடம் பணிவாகக் கேளுங்கள்: ஐயா, நாம் உட்கார்ந்திருக்கிற சபையே ஒன்றிப்பு ஜெபத்தின் பலன்தானே, அதைக் கண்டு நாம் ஏன் பயப்பட வேண்டும்?

ஆனால் தரங்கம்பாடி அறிக்கையில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. பிரிவினை வெளியிலிருந்து வந்தது என்பது ஆங்கிலிக்கன், லுத்தரன், பிரஸ்பிட்டேரியன் என்ற பெயர்களுக்குப் பொருந்தும். சாதிக்குப் பொருந்துமா? அதை எந்தக் கப்பலும் கொண்டுவரவில்லை. தமிழ்நாட்டில் எத்தனை ஊரில் கல்லறைத் தோட்டத்தின் நடுவே சுவர் இருந்தது, இருக்கிறது. தேர் எந்தத் தெரு வரைக்கும் வரும் என்று இன்றைக்கும் பேச்சு நடக்கிறது. இந்தக் குற்றத்தில் கத்தோலிக்கர், சீர்திருத்தச் சபையார் என்ற வேற்றுமை கிடையாது. இதை ஜெப வாரத்துக்குள்ளேயே கொண்டு வந்தவர்கள் இந்திய மாணவர்கள்தான். 2013-ம் ஆண்டுக்கான கையேட்டைத் தயாரிக்கும் பொறுப்பு இந்திய மாணவர் கிறிஸ்தவ இயக்கத்துக்குக் கிடைத்தது. கத்தோலிக்க மாணவர் அமைப்பான ஐக்கஃப்பும், தேசியத் திருச்சபைகள் மன்றமும் கூட நின்றன. அவர்கள் எடுத்த வசனம் மீகா 6-ம் அதிகாரத்திலிருந்து: கடவுள் நம்மிடம் கேட்பது என்ன? நியாயம் செய்வது, இரக்கத்தை நேசிப்பது, மனத்தாழ்மையோடு கடவுளோடு நடப்பது. தலித் கிறிஸ்தவர்கள் படுகிற அவமானத்தைச் சொல்லாமல் இந்தியாவில் ஒன்றிப்பு பற்றிப் பேச முடியாது என்று அந்தக் கையேட்டில் எழுதினார்கள். ஜெனிவாவிலும் ரோமிலும் லண்டனிலும் அந்த ஜனவரியில் மக்கள் அதை வாசித்து ஜெபித்தார்கள். உங்கள் வாரத்தில் ஒரு மாலையாவது இதற்கு ஒதுக்குங்கள். மேடைப் பேச்சாக இல்லாமல், பாவ அறிக்கையாக.

இங்கேதான் நாடுகள் பற்றிய உங்கள் கேள்விக்கும் பதில் இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் ஒரு நாட்டுச் சபைகள் சேர்ந்து கையேட்டின் முதல் வரைவை எழுதுகின்றன. அந்த நாட்டின் காயம் அந்த வருட ஜெபத்துக்குள் வந்துவிடுகிறது. 2009-ல் கொரியா எழுதியது. இரண்டாகப் பிளந்த நாடு அது. எடுத்த வசனமோ எசேக்கியேல் 37, இரண்டு கோல்கள் ஒரே கையில் ஒன்றாகிற இடம். 2020-ல் மால்டா தீவு, பவுல் கப்பல் உடைந்து கரையேறியபோது அந்தத் தீவு மக்கள் காட்டிய இரக்கத்தை எடுத்தது. மத்தியதரைக் கடலில் படகு கவிழ்ந்து சாகிற அகதிகளை நினைத்து. 2022-ல் மத்திய கிழக்குச் சபைகள் கிழக்கில் தோன்றிய நட்சத்திரத்தை எடுத்தார்கள். 2024-ல் வன்முறையில் சிக்கித் தவிக்கிற புர்கினா ஃபாசோ, அயலானை நேசிக்கிற கட்டளையை எடுத்தது. 2025-ல் ஆதித் திருச்சபை கூடிய நிசேயா சங்கத்தின் 1700-வது ஆண்டு என்பதால், 'இதை விசுவாசிக்கிறாயா?' என்று இயேசு மார்த்தாளிடம் கேட்ட கேள்வி. இப்படி ஒரு நாட்டின் பெயரைச் சொல்லி, அதன் வேதனையைத் தெரிந்துகொண்டு ஜெபிப்பதுதான் நாடுகளுக்காக ஜெபிப்பது. 'சகல தேசங்களையும் ஆசீர்வதியும்' என்று ஒரே வரியில் முடிக்கிற ஜெபத்தில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை.

சேலத்தில் உட்கார்ந்து கொரியாவுக்காக ஜெபிப்பது அந்நியமாகத் தோன்றினால், உலகம் நம் வாசலுக்கு வந்திருப்பதைப் பாருங்கள். நம் மாவட்டத்தில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன; அங்கே பிறந்து வளர்ந்தவர்களிலும் பலருக்குக் குடியுரிமை கிடையாது. மலை மேலே எஸ்டேட்டிலும் கீழே கட்டட வேலையிலும் ஒடிசா, ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். அவர்களில் கிறிஸ்தவர்களும் உண்டு, ஞாயிறு காலை எந்த ஆலயத்துக்குள் நுழைவது என்று தெரியாமல் நிற்கிறார்கள். வளைகுடாவில் வேலை பார்க்கிற மகனும் மகளும் இல்லாத சபை எது? அவர்களுக்காக ஜெபிக்கும்போது அந்த நாட்டுக்காகவும்தான் ஜெபிக்கிறோம். எரேமியா, சிறைப்பட்டுப் போன ஊரின் சமாதானத்துக்காகவே ஜெபிக்கச் சொன்னார். பவுல் ராஜாக்களுக்காகவும் அதிகாரத்தில் உள்ள எல்லாருக்காகவும் ஜெபிக்கச் சொன்னபோது ரோமில் இருந்த அரசன் கிறிஸ்தவனாக இல்லை. ஆகவே நமக்குப் பிடித்த கட்சிக்காரர் மட்டும் நம் ஜெபத்தில் வரக் கூடாது. கலெக்டர், ஊராட்சித் தலைவர், போலீஸ் ஸ்டேஷன், வாக்குச்சாவடி, நீதிமன்றம் எல்லாம் வரட்டும். ஒரு எச்சரிக்கையும் சொல்கிறேன். நாட்டைப் பிடிப்பது, ஜெயிப்பது, கோட்டைகளை உடைப்பது என்ற மொழி வேண்டாம். நம் பக்கத்து வீட்டுக்காரர் காதில் அது எப்படி விழும் என்று யோசியுங்கள். சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குப் போகிற மலையாளிப் பழங்குடி மக்களோடு நாம் ஒரே சந்தையில் காய் வாங்குகிறோம். அவர்கள் நல்லாயிருக்க வேண்டும் என்பதும் இந்த வாரத்தின் ஜெபம்.

சரி, நற்கருணை. உங்கள் கேள்வியில் வலி இருப்பது இந்த இடத்தில்தான் என்று எனக்குத் தெரிகிறது. நேரடியாகச் சொல்கிறேன்: கத்தோலிக்கத் திருப்பலியில் நீங்கள் நற்கருணை வாங்க முடியாது. மரண ஆபத்து போன்ற மிக அபூர்வமான நிலைகளுக்குத்தான் விதிவிலக்கு. உங்கள் சபைத் திருவிருந்துக்கு ஆயர் உங்கள் மனைவியை மனதார அழைக்கலாம்; ஆனால் அவருடைய திருச்சபை அவருக்கு அதை அனுமதிப்பதில்லை. ஜெப வாரம் இதை மாற்றாது. சிலர் அந்த வாரத்தில் மட்டும் கண்டும் காணாமலும் விட்டுவிடலாம் என்று சொல்வார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. ஒரு பங்குத்தந்தையைத் தர்மசங்கடத்தில் மாட்டிவிட்டு வாங்குகிற அப்பம் ஒன்றிப்பாகாது. அடுத்த வருடம் அவர் கதவைத் திறக்கத் தயங்குவார். அந்த ஏக்கத்தை ஏக்கமாகவே கடவுள் முன் வையுங்கள், இருவரும் சேர்ந்து. ஞாயிறு தோறும் ஆளுக்கொரு ஆலயத்துக்குப் போகிற கணவன் மனைவிதான் திருச்சபையின் பிரிவினையைத் தினமும் சுமக்கிறவர்கள். அந்த வாரத்தில் ஒரு நாள் ஜெபத்தை நடத்த உங்கள் இருவரையுமே கேட்கச் சொல்லுங்கள்.

நற்கருணை ஒன்றாக இல்லை. ஆனால் ஞானஸ்நானம் ஒன்று. பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் பெயரால் தண்ணீரில் கொடுத்த உங்கள் சபை ஞானஸ்நானத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை ஏற்கிறது. அதனால் கடைசி நாள் வழிபாட்டில் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, எல்லாச் சபையாரும் வந்து தொட்டு, தங்கள் ஞானஸ்நானத்தை நினைவுகூரலாம். யாருடைய சட்டமும் மீறப்படாது.

நடத்துவது பற்றி. நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: பொது மைதானத்தில் பந்தல் போட்டு, மேடையில் ஏழெட்டு பேருக்குச் சால்வை போர்த்தி, வெளியூர்ப் பேச்சாளரை அழைத்து நடத்தாதீர்கள். அப்படி நடந்தவற்றைப் பார்த்திருக்கிறேன். கூட்டம் வரும், மறுநாள் யாரும் யார் வீட்டுக்கும் போக மாட்டார்கள். ஒவ்வொரு மாலையும் ஒரு சபையின் ஆலயத்துக்குள் மற்றவர்கள் போக வேண்டும். போய், அந்தச் சபையின் முறையிலேயே ஜெபிக்க வேண்டும், அந்தச் சபைக்காக ஜெபிக்க வேண்டும். சி.எஸ்.ஐ. பாட்டி ஒருவர் கத்தோலிக்கக் கோயில் பலகையில் முழங்காலிட்டு, அந்தப் பங்கின் நோயாளிகளுக்காகப் பெயர் சொல்லி ஜெபிக்கிறார். மறுநாள் அந்தப் பங்கின் அன்பியத்து (அக்கம்பக்கத்து ஜெபக் குழு) பெண்கள் சி.எஸ்.ஐ. ஆலயத்தில் உங்கள் ஆயருக்காகவும் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்காகவும் ஜெபிக்கிறார்கள். எத்தனையோ வருடமாக ஒரே தெருவில் இருந்தும் அந்த வாசலைத் தாண்டாதவர்கள் நம்மில் நிறைய.

சில விஷயங்களை முன்கூட்டியே பேசி முடித்துவிடுங்கள். கத்தோலிக்க ஆலயத்தில் அன்று திருப்பலி வேண்டாம், இறைவார்த்தை வழிபாடு வையுங்கள். திருப்பலியில் மறையுரை சொல்வது குருவுக்கும் திருத்தொண்டருக்கும் மட்டும் உரியது. இறைவார்த்தை வழிபாடு என்றால் உங்கள் ஆயர் தாராளமாகப் பிரசங்கிக்கலாம். ஜெபமாலையும் இறந்தோருக்கான மன்றாட்டும் பொது வழிபாட்டில் வேண்டாம். அதே மாதிரி, விக்கிரகம் என்றோ அந்நிய பாஷை என்றோ ஒருவர் மேல் இன்னொருவர் கல் எறிகிற பிரசங்கமும் வேண்டாம். கர்த்தர் கற்பித்த ஜெபத்தை இரு சபையாரும் வேறு வேறு தமிழில் மனப்பாடம் செய்திருப்பார்கள். ஒரே நேரத்தில் சொன்னால் இரண்டாவது வரியிலேயே குரல்கள் முட்டிக்கொள்ளும். எந்த ஆலயத்தில் இருக்கிறீர்களோ அந்த ஆலயத்தின் வார்த்தைகளை அச்சடித்துக் கையில் கொடுத்துவிடுங்கள். வேதவாசகத்துக்கு 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பு இருக்கிறது. கத்தோலிக்கரும் மற்றவரும் சேர்ந்து செய்தது.

பெந்தெகொஸ்தே சபைகளை மறக்காதீர்கள். பல போதகர்கள் 'வர மாட்டோம்' என்பார்கள். 'ஒன்றிப்பு' என்றாலே அவர்களுக்குச் சந்தேகம். அவர்களிடம் ஒன்றிப்பு பற்றிப் பேச வேண்டாம். நாட்டுக்காக ஒரு இரவு உபவாச ஜெபம், நீங்களே நடத்துங்கள், நாங்கள் வந்து உட்காருகிறோம் என்று கேளுங்கள். ஜெபத்தில் அவர்களுக்கு இருக்கிற தாகம் நம் போன்ற பழைய சபைகளுக்கு வேண்டும். சேலத்தில் நடத்துவதாக இருந்தால் மார்த்தோமா, ஆர்த்தடாக்ஸ், யாக்கோபாய மலையாளச் சபைகளையும் கூப்பிடுங்கள். அந்தியோக்கியா மரபில் பாடுகிற ஒரு மாலை ஜெபத்தை நம்மவர்கள் பெரும்பாலும் கேட்டதே இல்லை.

நேரம் முக்கியம். ஜனவரி உங்களுக்குக் காப்பிப் பழம் பறிக்கிற காலம்; எஸ்டேட் ஆட்கள் எடை போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து குளித்துக் கிளம்ப வேண்டும். இருட்டினால் பனி, கொண்டை ஊசி வளைவில் கீழே இறங்குகிறவர்களுக்குக் கடைசி பஸ் கவலை. ஒரு மணி நேரத்துக்கு மேல் போகாதீர்கள். ஒலிபெருக்கி ஆலயத்துக்குள் மட்டும். முடிந்ததும் சுக்குக் காப்பி கொடுங்கள். பாதி ஒன்றிப்பு அங்கேதான் நடக்கும். சேலத்தில் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறை ஆட்களுக்கும் உருக்காலை ஷிஃப்ட்காரர்களுக்கும் ஏழு மணிக்கு முன்னால் வாய்ப்பில்லை.

காணிக்கையை எந்தச் சபையின் கணக்கிலும் சேர்க்க வேண்டாம். எட்டு நாள் காணிக்கையும் முகாமில் ஒரு பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கோ, அரசு ஆஸ்பத்திரி நோயாளிகளின் சாப்பாட்டுக்கோ போகட்டும். எதற்கு என்று முதல் நாளே அறிவித்து, கடைசி நாள் கணக்கு வாசியுங்கள்.

வேலையை இப்போதே தொடங்குங்கள். டிசம்பரில் எந்தக் குருவையும் பிடிக்க முடியாது. அக்டோபர், நவம்பருக்குள் பங்குத்தந்தையையும் உங்கள் ஆயரையும் ஒரே மேசையில் உட்கார வையுங்கள். உங்கள் ஆயர் திருமண்டலப் பேராயரிடமும், பங்குத்தந்தை சேலம் மறைமாவட்ட ஆயர் இல்லத்திலும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் பிறகு யாரும் குறுக்கே வர மாட்டார்கள். அந்த வருடக் கையேட்டை இணையத்திலிருந்து இறக்கி, அதில் உள்ள எட்டு நாள் வசனங்களைத் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். முழுவதையும் மொழிபெயர்க்க உட்கார்ந்தால் ஜனவரி போய்விடும். முதல் வருடம் மூன்று ஆலயங்கள் ஒத்துக்கொண்டால் மூன்று மாலை நடத்துங்கள், மீதி நாட்களில் வீடுகளில் கூடுங்கள். அந்தக் கூட்டங்களில் ஒன்றுக்குப் பெரியவரையே ஜெபிக்கக் கூப்பிடுங்கள். எதிர்க்கிறவர் என்று ஒதுக்கிவிட வேண்டாம். முதல் மாலையை உங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு சபையும் ஏற்கெனவே சேர்ந்து குடியிருக்கிற வீடு அது.